மின்சாவின் தாடி

மின்சாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது பச்சைப் பொய். வாயைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? புருஷன் இருமி இருமிச் செத்த பிறகு, பிறந்த ஊரான இசெகெலிக்கே திரும்பி வந்தவள். அண்ணன் மிஹாயோ ஒதுக்கிக் கொடுத்த துண்டு நிலத்தில் நிலக்கடலை போட்டுச் சோளக் களி தின்றாள். மாடு ஒன்றுகூடக் கிடையாது. ஷின்யாங்கா சீமையில் மாடு இல்லாத மனுஷியை யார் மதிக்கிறார்கள்? அவள் வந்தால் நகர்ந்து உட்காரமாட்டார்கள். அதனால் அவளே இடித்துக்கொண்டு உட்காருவாள்.

ஊருக்குப் பின்னால் இருக்கிற சரிவுதான் இந்தக் கதைக்கு மூலகாரணம். வெள்ளைக்காரன் காலத்தில், மாட்டைக் கடித்துக் கொல்கிற ஈ மரநிழலில் பெருகுகிறது என்று சொல்லி, சரிவிலிருந்த அத்தனை மரத்தையும் ஊர்க்காரர்களைக் கொண்டே வெட்டிச் சாய்த்தார்கள். அப்புறம் பருத்தி போட்டார்கள். பருத்தி படுத்ததும் ஆட்டையும் மாட்டையும் விட்டார்கள். மின்சா திரும்பி வந்த வருஷம் அங்கே ஓர் ஆடு ஒதுங்க நிழல் கிடையாது. மழை பெய்தால் மண் செங்குழம்பாகக் கீழே வந்து எல்லார் வயலையும் மூடும். ஒருத்தர்மேல் ஒருத்தர் பழி போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வன அதிகாரி ஒருத்தர் வந்து ஊர்க்கூட்டத்தில் பேசினார். கன்று நடவே வேண்டாம், மண்ணுக்கடியில் பழைய மரங்களின் வேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மாடு வாய் வைக்காமலும் கோடரி படாமலும் விட்டாலே போதும் என்றார். நம்பினவர்கள் பாதி, நம்பாதவர்கள் பாதி. ஆனாலும் வயலில் மண் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் வெறுத்துப் போயிருந்தது. சரிவை அடைத்துவிடுவது என்று முடிவானது. மழை தொடங்கியதிலிருந்து வறட்சி முற்றும்வரை மாடு உள்ளே போகக்கூடாது. அதன் பிறகு கூட்டம் நாள் குறித்தால், முற்றிய புல்லை மட்டும் மேய்க்கலாம். கோடரிக்கு எந்நாளும் தடை. மீறினவன் ஒரு காளை அபராதம் கொடுக்கவேண்டும், அதை ஊரே வெட்டித் தின்னும். இந்தச் சரிவுக்கு ஊரில் அடைப்பு என்று பேர் வந்தது.

சரி, யார் காவல்? மாடு வைத்திருக்கிறவன் எவனை இன்னொருத்தன் நம்புவான்? அப்போது ஜிலாலா எழுந்தான். எண்பது மாட்டுக்குச் சொந்தக்காரன், தொந்தியும் தொப்பியுமாக வாட்டசாட்டமான ஆள்.

"மாடு இல்லாத மகாராணி ஒருத்தி இருக்காளே, அவளப் போடுங்க. அவ வாயத் தெறந்தா மாடே பயந்து ஓடிரும். ஈ கூட அண்டாது."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மின்சா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உன் மாடு ஓடாதுடா தொந்தி. தெனமும் உன் மூஞ்சியப் பாத்து அதுங்களுக்குப் பயமே விட்டுப்போச்சு" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அப்படித்தான் அவள் காவலுக்கு வந்தாள்.

இப்படிப் பேசினால் வெட்டுக்குத்து வராதா என்று கேட்டால், வராது. ஜிலாலாவின் குலத்துக்கும் மின்சாவின் குலத்துக்கும் கேலி முறை. முப்பாட்டன் காலத்துக்கும் முந்தின ஏற்பாடு. முறைக்காரன் உன்னை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், உன் வீட்டுக் கோழியைக் கேட்காமல் பிடித்துக்கொண்டு போகலாம். நீயும் அவனுக்கு அதையே செய்யலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. சாவிலும் இவர்கள் இல்லாமல் ஆகாது. குழி வெட்டுவது முறைக்காரன், பிணத்துக்கு முன்னால் போவதும் அவன். செத்தவரைப்போலவே நடந்து, செத்தவரைப்போலவே பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மண்ணைத் தள்ளுவான். மின்சாவின் அம்மா செத்தபோது ஜிலாலாதான் செத்தவளுடைய முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குழிக்குள் இறங்கி நின்று, "அடியே மின்சா, களியக் கிண்டச் சொன்னா கட்டி கட்டியா வெச்சிருக்கியே, இதத் தின்னுதான் நான் செத்தேன்" என்று கத்தினான். அப்படியே அம்மாவின் குரல். மின்சா மூக்கைச் சிந்திக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றைக்கு அவன் வராமல் இருந்திருந்தால் அவள் பித்துப் பிடித்தே போயிருப்பாள்.

முதல் மழைக்கே அடைப்புக்குள் மண்ணைக் கீறிக்கொண்டு துளிர்கள் கிளம்பின. வேலம் வந்தது, கருங்காலி வந்தது, மேட்டில் புளிகூட வந்தது. ஒவ்வொரு பழைய கட்டையிலும் இருபது முப்பது துளிர். அப்படியே விட்டால் புதர்தான் மிஞ்சும். நல்லதாக இரண்டு மூன்றை நிறுத்திவிட்டு மற்றதைச் சாய்வாக அறுத்து எறியவேண்டும். எதை நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். மின்சாவுக்கு அந்தக் கண் இருந்தது. குனிந்து ஒரு பார்வை பார்ப்பாள், ஒரு துளிரில் சிவப்புத் துணிக்கிழிசலைக் கட்டுவாள். அவள் கட்டினது ஒன்றும் பட்டுப்போனதில்லை.

அறுப்பு நாளுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். அவள் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லாரையும் வறுத்தெடுப்பாள். "கத்திய அப்படியாடா பிடிப்பே, அது என்ன உன் மாமியா கையா?" என்பாள். "ஏண்டி, நட்டுக்க நிக்கிறத அறுத்துட்டுக் கோணலா நிக்கிறத விட்டிருக்கியே, உன் புருஷனத் தேடினப்பவும் இப்படித்தான் தேடினியா?" என்பாள். பதிலுக்கு அவர்கள் அவளை நாறடிப்பார்கள். முதுகு ஒடிகிற வேலை அந்தச் சத்தத்திலேயே நடந்துவிடும்.

அபராதத்தில் மட்டும் அவள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. மிஹாயோவின் இரண்டு ஆடு உள்ளே போனதற்குச் சொந்த அண்ணனையே கூட்டத்தில் நிறுத்திவிட்டாள். அண்ணி அதோடு பேச்சை விட்டாள். பாதி ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது. கொட்டட்டும் என்று இருந்தாள். சரிவில் ஆள் உயரத்துக்கு மரம் நின்றது. மழைக்கு மண் வரவில்லை. அவளைத் திட்டினவன் வயலும் சேர்த்துத்தான் பிழைத்தது.

தப்பு எங்கே தொடங்கியதென்றால், ஒரு மண்வெட்டிப் பிடியில். அடைப்புப் போட்ட பத்தாவது வருஷம். ஜிலாலா பட்டப்பகலில் அடைப்புக்குள் நுழைந்து, கை பருமன் கருங்காலி ஒன்றை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே வந்தான்.

"என்னடா அது?"

"மொட்டை மலைக்குத் தாடி மொளச்சிருக்கு. மின்சாவோட தாடி. முறைக்காரிக்குத் தாடி மொளச்சா நான்தானே சவரம் பண்ணணும்?"

பக்கத்தில் நாலுபேர் இருந்தார்கள். மின்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அவள் செய்த முட்டாள்தனம். அது அவள் மரமா? ஊர் மரம். ஊர் மரத்தை அவளுடையது என்று அவன் கேலியால் மாற்றினான். அவளும் பல்லைக் காட்டி ஒப்புக்கொண்டாள். முறைக்காரியின் பொருளை எடுத்தால் திருட்டே இல்லையே.

அடுத்த மாதம் கூரைக்கு நாலு கம்பு போனது. "சவரம்டி" என்றான். பிறகு அவன் தம்பி வந்தான், சித்தப்பன் மகன் வந்தான். அந்தக் குலம் ஊரில் பாதி. "கன்னத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு மின்சா, வழிச்சுட்டுப் போறோம்" என்பார்கள். வேறு குலத்துக்காரன் ஒரு குச்சி ஒடித்தால் அபராதம், இவர்கள் மரத்தையே சாய்த்தால் சிரிப்பு. மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். அவளும் அறுந்த வாயால் பதில் சொல்லிப் பார்த்தாள். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் குஷியானார்கள். கேலிக்குக் கேலி கொடுத்தால் அது விளையாட்டு என்றுதானே ஆகும்?

தலைவர் புண்டாலாவிடம் போனாள். நல்ல மனுஷன்தான், முதுகெலும்புதான் கிடையாது.

"தலைவரே, அபராதம் போடுங்க."

"கேலி முறையில போய் எப்படிம்மா அபராதம் போடறது? நீயே சிரிச்சேன்னு சொல்றாங்களே."

"சிரிக்காம என்ன செய்ய? கோவப்பட்டாத் தப்புங்கறீங்க."

"அதான் சொல்றேன், விட்டுரு."

பன்னிரண்டாவது வருஷம் மழை ஏமாற்றியது. அக்டோபருக்குள் வெளியே புல் ஒரு பிடி இல்லை. மாடுகளின் விலா எலும்பை எண்ணலாம். அடைப்புக்குள் மட்டும் இடுப்பளவு காய்ந்த புல். மூன்று வாரம் கழித்துத் திறப்பது என்று கூட்டம் நாள் குறித்திருந்தது. ஏனென்றால் அதுவரை வெளியே விட்டிருந்த மேல்சரிவையும் அந்த வருஷம்தான் சேர்த்து அடைத்திருந்தார்கள். அங்கே முழங்கால் உயரத் துளிர்கள். இலை முற்றித் தண்டு தடிக்காமல் மாடு உள்ளே போனால் புல்லை விட்டுவிட்டுத் துளிரைத்தான் முதலில் தின்னும். எல்லார் மாடும்தான் பட்டினி கிடந்தது. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒருநாள் உச்சிவெயிலில் மின்சா மேல்சரிவுக்கு ஏறினாள். ஜிலாலாவின் மாடுகளில் நாற்பது உள்ளே நின்று மென்றுகொண்டிருந்தன. அவனுடைய கல்யாணமான மூத்த மகன் கல்மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். தரையெல்லாம் மிதிபட்ட துளிர். ஒரு மாட்டின் வாயோரத்தில் சிவப்புத் துணி தொங்கியது. மின்சா கல்லெடுத்து அடித்து, தொண்டை கிழியக் கத்தி, தனியாளாக நாற்பதையும் வெளியே விரட்டினாள். பிறகு குனிந்து எண்ண ஆரம்பித்தாள். முந்நூறைத் தாண்டியதும் எண்ணவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

ஜிலாலா தன் வீட்டு வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தான். சுற்றிலும் அவன் ஆட்கள்.

"வந்துட்டியா! என் மாடுங்க உனக்குச் சவரம் பண்ணப் போச்சே, பாத்தியா? நாக்காலேயே வழிச்சிருக்கும், கத்திக் காயம் கூடப் படாது."

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் என்ன திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று கேட்க ஆசை. மின்சா திரும்பினாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நடந்தாள். போய்க் கூட்டம் கூட்டச் சொன்னாள்.

அன்று மாலையே மிஹாயோ வந்துவிட்டான். "நீ என்ன நெனைக்கிறேன்னு எனக்குத் தெரியும். வேண்டாம். அவன் மேல கோவம்னு கூட்டத்துல சொன்னா முறை அத்துப்போகும். எங்களுக்கு இல்ல, உனக்கு மட்டும். நாங்க யாரும் உன் பக்கம் நிக்க மாட்டோம்."

"என்னைக்கு நின்னீங்க?"

"நாளைக்கு நீ செத்தா உனக்குக் குழி வெட்ட ஒருத்தன் வரமாட்டான். யோசிச்சுக்கோ."

யோசிக்காமலா இருந்தாள்? அதைத்தான் யோசித்தாள். குழிக்குள் நின்று அவள் குரலில் திட்டி ஊரைச் சிரிக்க வைக்க ஜிலாலாவை விட்டால் வேறு எவனால் முடியும்? அந்தச் சாவு அவளுக்கு வேண்டியிருந்தது. மாடில்லை, பிள்ளையில்லை, அதாவது கிடைக்கும் என்று இருந்தாள். இந்தப் பக்கம் சரிவு. இந்த வருஷம் இது கேலியாகப் போனால் அடுத்த வருஷம் பாதி ஊருக்கு அடைப்பு என்று ஒன்றே இருக்காது. மீதிப் பாதியும் அப்புறம் எதற்கு மாட்டைக் கட்டிப்போடும்?

கூட்டத்துக்கு ஊரே வந்தது, நல்ல வேடிக்கை கிடைக்குமென்று. புண்டாலா தொண்டையைக் கனைத்து, "மின்சா என்னமோ சொல்லணுமாம்" என்றார்.

அவள் எழுந்தாள். ஜிலாலாவுக்கு நேரே போய் நின்று, பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி முழங்காலை மடித்துத் தலை தாழ்த்தினாள்.

"ஜிலாலா ஐயா, வணக்கமுங்க. உங்க மாடு ஊரு அடைப்புல மேஞ்சிருக்கு. ஊரு மரத்த நீங்க வெட்டியிருக்கீங்க. நீங்க திருடிட்டீங்கய்யா."

புது மாதிரிக் கேலி போலிருக்கிறது என்று சிலர் சிரித்தார்கள். ஜிலாலாவும் சிரித்தான்.

"பாருங்கடா, கழுதைக்கு மரியாத வந்திருச்சு. தாடிய எடுத்ததும் பொம்பளையாயிட்டா."

கொஞ்சம்பேர் சிரித்தார்கள். மின்சா சிரிக்கவில்லை.

"ஒரு காளை அபராதமுங்கய்யா."

"என் மாட்டு நாக்கு பட்டது உனக்குக் கூசுதாடி?"

இதற்கு யாருமே சிரிக்கவில்லை. ஜிலாலா சுற்றுமுற்றும் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் முகம் சுருங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். கோபம் என்று சொல்ல முடியாது. அடிபட்டவன் முகம் அது.

"நெஜமாத்தான் சொல்றியா மின்சா?"

"ஆமாங்கய்யா."

"உங்கம்மாவ நான் பொதைச்சேன்."

"பொதைச்சீங்க. மறக்க மாட்டேன். காளைய நாளைக்குக் கொண்டாந்துருங்க."

மறுநாள் காளை வந்தது. இருந்ததிலேயே கொழுத்ததைக் கொடுத்தான், ஈனமாகக் கொடுத்தான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று. ஊர் வெட்டித் தின்றது. நல்ல துண்டாகப் பார்த்து இலையில் வைத்து மின்சாவிடம் நீட்டினான் அவன் தம்பி, இரண்டு கையாலும். "சாப்பிடுங்கம்மா" என்றான். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அடைப்புக்குள் ஒரு மாடு போகவில்லை. ஒரு குச்சி ஒடியவில்லை. அவளை வழியில் பார்த்தால் ஜிலாலா ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பான். அவன் தம்பி, சித்தப்பன் மகன், அவர்கள் பெண்டாட்டிகள், பாதி ஊரும் அப்படியே. கிணற்றடியில் அவள் வந்தால் வரிசையை விட்டு விலகி, "நீங்க மொதல்ல பிடிங்கம்மா" என்பார்கள். குடம் நிறைகிறவரை ஒருத்தி பேசமாட்டாள். மனுஷனை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? காறித் துப்பியிருந்தால் அவளும் துப்பியிருப்பாள்.

மழை வந்து துளிர் மறுபடி கிளம்பியது. அறுப்பு நாளில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆள் வந்தது. மின்சா வரிசை வரிசையாக நடந்தாள். ஜிலாலா ஒரு கட்டைக்கு முன்னால் தொந்தியை மடக்கிக் குந்தியிருந்தான். சரியாகத்தான் அறுத்துக்கொண்டிருந்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"டேய் தொந்தி, துளிர் தெரியுதா, இல்ல உன் வயிறு மறைக்குதா?"

எல்லார் கத்தியும் நின்றது. திட்டுடா, ஒரே ஒரு வார்த்தை திட்டு என்று மின்சா உள்ளுக்குள் கெஞ்சினாள். ஜிலாலா மெதுவாக எழுந்து, கத்தியைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றினான்.

"தப்பா அறுத்துட்டனுங்களாம்மா? எதுன்னு காட்டுங்க, சரி பண்ணிக்கறேன்."

"இல்ல. சரியாத்தான் இருக்கு" என்றாள் மின்சா.

"சந்தோசமுங்கம்மா."

கத்திகள் மறுபடி ஓடின. சாயங்காலம்வரை வேறு சத்தமே இல்லை. வழக்கமாக மூன்று நாள் இழுக்கிற வேலை ஒரே நாளில் முடிந்தது. ஒரு துளிர்கூடத் தப்பாக அறுபடவில்லை. புண்டாலாவுக்கு வாயெல்லாம் பல். அவள் பக்கத்தில் வந்து நின்று சரிவைப் பார்த்தார்.

"பாரு மின்சா, எவ்வளவு அமைதியா நடந்துச்சு. இன்னொரு சேதி. உங்கண்ணன் கவலைப்பட்டான்னு அடைப்புக் கமிட்டியில பேசிட்டோம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குழி வெட்டறது, தூக்கறது எல்லாம் கமிட்டி பொறுப்பு. தீர்மானமே போட்டாச்சு. நீ தைரியமா இரு."

"சிரிக்க வைக்கிறது யாரு?"

"எது?"

"குழிக்குள்ள நின்னு என்ன மாதிரி திட்டறது யாருன்னு கேட்டேன். கமிட்டியில எவன் அதுக்கு?"

"அடுத்த கூட்டத்துல கேக்கறேம்மா" என்றார் புண்டாலா.